ஆகாயப் பந்தியில் தனி இலை

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்தில் வாங்கிய வறுவல் பொட்டலம் ஒன்றைப் பிரிக்காமல் மேலே கொண்டு சென்றால், ஊரை அடைவதற்குள் அது பந்துபோல் உப்பியிருப்பதைக் காணலாம். பொட்டலத்தினுள் புதிதாகக் காற்று புகுந்துவிடவில்லை. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்ததால் உள்ளே இருந்த காற்று விரிந்திருக்கிறது, அவ்வளவே. சேலத்தில் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர் பாதரச உயரம் என இருக்கும் காற்றழுத்தம், 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் 635 மில்லிமீட்டர் அளவிற்கு இறங்கிவிடுகிறது. வெப்பநிலை மாறவில்லை என்று கொண்டால், பாயில் விதிப்படி பொட்டலக் காற்றின் பருமன் ஆறில் ஒரு பங்கு கூடுகிறது.

பயணிகள் விமானத்தில் நிகழ்வதும் இதுவே. விமானம் பத்து, பதினோராயிரம் மீட்டர் உயரத்தில் பறந்தாலும், அதன் உள்ளறைக் காற்று 1,800 முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ள ஒரு மலையில் இருப்பது போன்ற அழுத்தத்தில் வைக்கப்படுகிறது. சேர்வராயன் மலையின் உச்சியே 1,600 மீட்டருக்குச் சற்று மேல்தான். ஆகவே விமானத்தில் உண்பவர் சேர்வராயன் உச்சியைவிட உயரமான ஒரு கற்பனை மலையின் மீது அமர்ந்து உண்கிறார் எனலாம். அந்த மலையில் கடை இல்லை. மாற்று உணவு இல்லை. நினைத்தவுடன் இறங்கி மருத்துவமனைக்குச் செல்ல வழியும் இல்லை. எனவே "என் தட்டில் என்ன இருக்கிறது?" என்னும் வினா அங்கே தரையில் இருப்பதைவிடக் கனமானது. இந்த வினாவிற்குப் பயணத் துறை எவ்வாறு படிப்படியாக விடை தேடியது, எங்கே இன்னும் தடுமாறுகிறது என்பதைக் காண்போம்.

கப்பலில் தொடங்கிய சிக்கல்

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் பம்பாயிலிருந்து 'கிளைடு' என்னும் கப்பலில் இங்கிலாந்திற்குப் புறப்பட்டார் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. அப்போது அவருக்கு வயது 18. புலால் உண்பதில்லை எனத் தாயிடம் வாக்குக் கொடுத்திருந்தார். கப்பலின் உணவுப் பட்டியலில் எது சைவம் என்று கேட்கக் கூச்சம். ஆகவே உணவுக்கூடத்திற்கே செல்லாமல், தம் அறையில் அமர்ந்து, கையோடு கொண்டுவந்த இனிப்புகளையும் பழங்களையும் உண்டே பெரும்பாலான நாட்களைக் கழித்தார்.

1914 மார்ச் 17-இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாசா' கப்பலில் புறப்பட்ட கணித மேதை சீனிவாச இராமானுஜனுக்கும் உணவு ஒரு பெருஞ்சிக்கலாயிற்று. கேம்பிரிட்ஜில் கல்லூரிச் சமையலை நம்பாமல் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். முதல் உலகப்போர் மூண்டதும் காய்கறிகளும் பிற பண்டங்களும் கிடைப்பது அரிதாயிற்று. அவருடைய உடல்நலம் குன்றியதற்கு இந்த உணவுக் குறைபாடும் ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. கேட்ட உணவு கிடைக்காமை வெறும் வசதிக் குறைவு அன்று, உடலையே வருத்தக்கூடியது என்பதற்கு இது சான்று.

ரயில் நிலையத்துப் பந்தி

ரயில் வந்தபோது வேறொரு முறை தோன்றியது. நிலையங்களில் இந்துக்களுக்கு ஓர் உணவு விடுதி, முஸ்லிம்களுக்கு ஒன்று, ஐரோப்பியருக்கு ஒன்று எனப் பிரித்தார்கள். தென்னிந்தியாவில் இந்து விடுதிக்குள்ளேயே பிராமணர்களுக்கு ஓர் இடம், மற்றவர்களுக்கு ஓர் இடம் என்னும் பிரிவும் இருந்தது. பெரியாரும் அவர் இயக்கத்தினரும் இதை எதிர்த்துப் போராடியதன் பயனாக 1941-இல் இந்தப் பிரிவினை அகற்றப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஒருவருக்குத் தனி உணவு தருவதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அவருடைய பிறப்பு. இரண்டு, அவருடைய கொள்கை அல்லது சமயம். மூன்று, அவருடைய உடல். பழைய ரயில் நிலையம் முதல் காரணத்தைப் பார்த்தது. அங்கே உணவு வேறுபட்டதைவிட உட்காரும் இடம் வேறுபட்டதே முக்கியம். இந்த வழக்கம் ஒழிந்தது சரியே. விமானம் தட்டை மட்டும் பிரிக்கிறது, ஆளைப் பிரிப்பதில்லை. ஒரே வரிசையில் அமர்ந்த மூவர் மூன்று வகை உணவு உண்ணலாம். ஆனால் இரண்டாவது, மூன்றாவது காரணங்களை விமானத் துறை ஒரே பட்டியலில் போட்டுவிட்டது. இன்றைய குழப்பங்கள் பலவற்றிற்கும் இதுவே வேர்.

மூன்று ஷில்லிங் பெட்டி

விமானத்தில் முதன்முதலாக உணவு விற்கப்பட்டது 1919 அக்டோபர் 11-இல். லண்டனிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஹேண்ட்லி பேஜ் நிறுவனத்தின் விமானத்தில் முன்கூட்டியே கட்டிய உணவுப் பெட்டி ஒன்றை 3 ஷில்லிங் விலைக்குக் கொடுத்தார்கள். சூடாக்க வழி இல்லை, தேர்ந்தெடுக்கவும் இல்லை.

நம் நாட்டில் 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் ஓட்டிவந்த சிறு விமானங்களில் இருந்தவை தபால் பைகளே. கடிதத்திற்குப் பசி எடுப்பதில்லை!

அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டு மே மாதம் எல்லன் சர்ச் என்பவர் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பொறுப்பேற்றார். அவர் பயிற்சி பெற்ற செவிலியர். அவரைத் தொடர்ந்து வந்தவர்களும் செவிலியராகவே இருக்கவேண்டும் என்பது அக்கால விதி. உணவு பரிமாறும் கையும் நோய் கவனிக்கும் கையும் ஒன்றாக இருந்த காலம் அது. இரண்டாம் உலகப்போரின்போது செவிலியர்கள் படைக்குத் தேவைப்பட்டதால் இந்த விதி கைவிடப்பட்டது.

போரின் முடிவில் மற்றொரு முன்னேற்றம் நிகழ்ந்தது. அமெரிக்காவில் மேக்சன் என்னும் நிறுவனம் சமைத்து உறையவைத்த உணவைத் தட்டோடு கொடுத்து, சுழலும் வெப்பக்காற்றினால் விமானத்திலேயே சூடாக்கும் அடுப்பையும் உருவாக்கியது. அன்று முதல் விமான உணவு என்பது வானத்தில் சமைப்பது அன்று. தரையில் சமைத்து, குளிரவைத்து, வானத்தில் சூடாக்குவது. இந்த உண்மை மிக முக்கியம். தட்டு விமானத்தில் ஏறியபின் அதிலிருந்து முந்திரியை நீக்கவோ, வேறு குழம்பு வைக்கவோ யாராலும் இயலாது.

அந்தக் கற்பனை மலையின் உயரத்தில் நாக்கும் சற்று மாறுகிறது. கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், ஏற்காட்டில் 95 டிகிரியிலும், விமானத்தினுள் 92 டிகிரி அளவிலும் கொதித்துவிடுகிறது. விமானக் காற்றின் ஈரப்பதமும் பெரும்பாலும் 20 விழுக்காட்டிற்குக் கீழ்தான். மூக்கு உலர்கிறது, மணம் குன்றுகிறது. ஜெர்மனியின் லுப்தான்சா நிறுவனத்திற்காக பிரான்ஹோபர் ஆய்வு நிலையம் 2010-ஆம் ஆண்டையொட்டி நடத்திய சோதனைகளில், தாழ்ந்த அழுத்தத்தில் உப்பின் சுவை 20 முதல் 30 விழுக்காடு குறைவாக உணரப்படுவதாகத் தெரிந்தது. ஆகவே விமானச் சமையலில் உப்பும் மசாலாவும் தாராளமாகச் சேர்வதுண்டு. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புக் குறைந்த தட்டைத் தனியாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்கெழுத்துச் சொற்கள்

1945-இல் ஹவானா நகரில் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் பயணி மற்றொரு நிறுவனத்தின் விமானத்தில் மாறிச் செல்லும்போது அவருடைய தேவையும் கூடவே செல்லவேண்டுமல்லவா? 1949-இல் விமான நிறுவனங்கள் சில கூடி அமைத்த தந்தித் தொடர்புப் பின்னல் இதற்கு உதவியது. தந்தி அச்சுக்கருவியில் நீண்ட விளக்கங்களுக்கு இடமில்லை. செய்தி எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு நல்லது. இத்தகைய சூழ்நிலையில் வேரூன்றியவையே நான்கெழுத்துக் குறிகள். தந்தி மறைந்து கணிப்பொறி வந்தபின்னும் குறிகள் நிலைத்துவிட்டன.

நம்மவர்க்குப் பயன்படும் சிலவற்றைக் காண்போம். 'ஏ.வி.எம்.எல்.' என்பது ஆசியச் சைவ உணவு. இந்தியப் பாணியில் சமைக்கப்படுவது. பாலும் தயிரும் நெய்யும் இருக்கலாம். 'வி.ஜி.எம்.எல்.' என்பது பாற்பொருளே இல்லாத முழுத் தாவர உணவு. தயிர்ச் சோற்றை எதிர்பார்த்து இதைக் கேட்டவர் ஏமாறுவார். 'வி.ஜே.எம்.எல்.' சமணர்களுக்கானது, வெங்காயம், பூண்டு, கிழங்குகள் இல்லை. 'எச்.என்.எம்.எல்.' என்பது இந்து உணவு. இதில்தான் நம்மவர் பலர் இடறுகின்றனர். பெயரைக் கண்டு சைவம் என்று எண்ணிவிடுகிறோம். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லை என்பதே இதன் பொதுவான பொருள். கோழியோ ஆடோ மீனோ இருக்கலாம். 2018-இல் எமிரேட்ஸ் நிறுவனம் இந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் உடனே திரும்பச் சேர்த்துக்கொண்டது.

இவற்றோடு நீரிழிவுக்கு 'டி.பி.எம்.எல்.', கோதுமைப் புரதமான குளூட்டன் நீங்கியதற்கு 'ஜி.எப்.எம்.எல்.', பாற்சர்க்கரை குறைந்ததற்கு 'என்.எல்.எம்.எல்.' என மருத்துவக் குறிகளும் உண்டு. கொள்கைக்கான குறியும் உடலுக்கான குறியும் ஒரே வடிவில், ஒரே பட்டியலில், ஒரே சமையற்கூடத்திற்குச் செல்கின்றன. ஆனால் பிழை நேர்ந்தால் விளைவு ஒன்றாக இருப்பதில்லை. முதலாமவர்க்கு மனம் புண்படும். இரண்டாமவர்க்கு உயிரே போகலாம்.

உடலின் மறுப்பு

உணவு ஒருவருக்கு அமுதமாகவும் மற்றொருவருக்கு நஞ்சாகவும் இருப்பது ஏன்? 1902-இல் பிரான்சு நாட்டின் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே ஆகியோர் கடற்சாமந்தி என்னும் உயிரியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு செலுத்தினர். சில வாரங்களுக்குப்பின் மீண்டும் மிகச் சிறிய அளவைச் செலுத்தியபோது, எதிர்ப்பாற்றல் வளர்ந்திருக்கும் என எதிர்பார்த்ததற்கு மாறாக நாய் சில நிமிடங்களில் இறந்தது. உடலைக் காக்கவேண்டிய அமைப்பே உடலைத் தாக்குகிறது! இக்கண்டுபிடிப்பிற்காக ரிஷே 1913-இல் நோபெல் பரிசு பெற்றார். 1906-இல் வியன்னாவின் கிளெமென்ஸ் பான் பிர்கே இத்தகைய மாறுபட்ட எதிர்வினைக்கு 'அலர்ஜி' என்று பெயரிட்டார். நாம் ஒவ்வாமை என்கிறோம்.

1921-இல் நடந்த ஒரு சோதனை மேலும் சுவையானது. ஜெர்மன் மருத்துவர் கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய இரத்த நீரில் சிறிதளவைப் பிரவுஸ்நிட்ஸ் என்பவர் தம் தோலினுள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியதும் தோல் தடித்துச் சிவந்தது. ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் இரத்தத்தில் இருக்கிறது என்பது இதனால் விளங்கியது. அப்பொருள் இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் எதிர்ப்புரதம் என்பதை அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியர் இஷிசாகா 1966-இல் காட்டினர். அடுத்த ஆண்டே சுவீடனின் ஜோஹான்சன், பென்னிச் ஆகியோர் தனியே அதே முடிவை எட்டினர்.

ஒவ்வாமை வேறு, செரியாமை வேறு. பாற்சர்க்கரை செரியாதவருக்கு வயிறு உப்பும், உயிருக்கு ஆபத்தில்லை. சீலியாக் நோய் என்பது மூன்றாவது வகை. இதில் குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்துவிடுகிறது. டச்சு மருத்துவர் வில்லம் டிக்கே இதை ஏற்கெனவே ஐயுற்றிருந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் கொடும் பஞ்சம் நிலவி ரொட்டியே கிடைக்காதபோது, இந்நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி திரும்ப வந்ததும் மீண்டும் நலிந்தனர். சேர்வராயன் மலை மக்கள் வழிவழியாகப் பயிரிட்டுவந்த சாமையிலும் கேழ்வரகிலும் குளூட்டன் இல்லை. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியிலும் இல்லை. ஆனால் அதற்கு ஊற்றும் சாம்பாரில் கூட்டுப் பெருங்காயம் இருந்தால், அப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்! நம் சமையலில் இவ்வாறு மறைந்திருப்பவை பல. குருமாவில் முந்திரி, சட்னியில் நிலக்கடலை, புளியோதரையில் எள். சைவத் தட்டு என்பதாலேயே அது ஒவ்வாமைக்குப் பாதுகாப்பான தட்டு ஆகிவிடாது.

ஒரு விரல் காயம்

1975 பிப்ரவரியில் டோக்கியோவிலிருந்து பாரிஸ் நோக்கி 344 பயணிகளோடு பறந்த ஜப்பான் விமானம் ஒன்றில், காலை உணவாகப் பன்றி இறைச்சியோடு முட்டை ஆம்லெட் பரிமாறப்பட்டது. சற்று நேரத்தில் ஏறத்தாழ 200 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. கோபன்ஹேகனில் இறங்கியதும் 143 பேரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. உணவை அலாஸ்காவில் தயாரித்த சமையற்காரர் ஒருவரின் விரலில் சீழ்ப்புண் இருந்ததும், உணவு போதிய குளிரில் வைக்கப்படாததும் காரணங்கள் எனத் தெரிந்தது. அலாஸ்காவில் பணி ஏற்ற விமானிகளுக்கு அது இரவு உணவு வேளையாக இருந்ததால் அவர்கள் ஆம்லெட்டை உண்ணவில்லை. இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? விமானிகள் இருவருக்கும் வெவ்வேறு உணவு தரும் வழக்கத்தின் பொருள் இதிலிருந்து விளங்கும்.

இது ஒவ்வாமை அன்று, கிருமி நஞ்சு. ஆயினும் பாடம் ஒன்றே. ஆயிரக்கணக்கான தட்டுகள் நிரம்பும் கூடத்தில் ஒரு கை செய்யும் பிழை நூற்றுக்கணக்கான இலைகளுக்குச் செல்லும். ஒரே கரண்டி கடலைச் சட்னியிலும் அடுத்துத் தேங்காய்ச் சட்னியிலும் நுழைந்தால் போதும். எனவேதான் தனி உணவுக் குறியை ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்கள்கூட, "கடலையோ முந்திரியோ அறவே இராது" என்று உறுதி கூறுவதில்லை.

விமானக் காற்றோடு கடலைத் துகள் பரவுமா என்பது அடுத்த ஐயம். 1998-இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, கேட்பவர்களுக்குச் சுற்றிலும் கடலை இல்லாத சில வரிசைகளை ஒதுக்குமாறு விமான நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. எதிர்ப்பின் காரணமாக அம்முயற்சி நின்றது. 2018-இல் சவுத்வெஸ்ட் நிறுவனம் தானாகவே கடலை வழங்குவதைக் கைவிட்டது. பெரிய விமானங்களில் காற்று மணிக்கு இருபது முறைக்குமேல் மாற்றப்படுகிறது. சுழன்று வரும் காற்று நுண்வடிகட்டிகளைக் கடந்தே வருகிறது. ஆகவே துகள்கள் காற்றில் பரவி நெடுந்தூரம் செல்வதற்குச் சான்று கிடைக்கவில்லை. உண்மையான இடர் நாற்காலியின் கைப்பிடியிலும் மடிப்பு மேசையிலும் முன்பயணி விட்டுச்சென்ற பிசுக்கில்தான் உள்ளது என்பதே ஆய்வுகளின் முடிவு. ஓர் ஈரத்துணி இங்கே பெரிய காவலன்!

2016-இல் பிரிட்டனில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி விமான நிலையக் கடையில் வாங்கிய ரொட்டியை உண்டு விமானம் ஏறினாள். மாவில் எள் கலந்திருந்தது உறையில் குறிப்பிடப்படவில்லை. எள் அவளுக்கு ஆகாது. விமானத்திலேயே மூச்சுத் திணறி, தரை இறங்கியபின் இறந்தாள். அவள் பெயராலேயே வழங்கும் நடாஷா சட்டம், கடையிலேயே கட்டி விற்கும் உணவிலும் சேர்பொருள் அனைத்தையும் எழுதவேண்டும் என 2021 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 2023 முதல் எள் கட்டாய அறிவிப்புப் பட்டியலில் சேர்ந்துள்ளது. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு உணவு உறை விதிகள் கோதுமை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, சோயா முதலியவற்றைக் குறிப்பிடச் சொல்கின்றன. அவ்விதிகள் வெளியானபோது எள் அப்பட்டியலில் இல்லை. நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் புழங்கும் தமிழ்நாட்டிற்கு இது சிந்திக்கத் தக்க செய்தி.

நாம் செய்யத்தக்கவை

சேலம் காமலாபுரத்து விமான நிலையத்திலிருந்து 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின்கீழ் சென்னைக்குச் சிறிய விமானம் விடப்பட்டது; இடையில் நின்ற போக்குவரத்து 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. ஒரு மணி நேரமே ஆகும் இத்தகைய பயணங்களில் சூடான தட்டிற்கு வேலை இல்லை, பொட்டலத் தீனிதான். அங்கே காவல் உறையின் மீதுள்ள எழுத்தே. படித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சென்னையிலோ கோவையிலோ மாறி வெளிநாடு செல்பவர்கள் கீழ்க்கண்டவற்றை நினைவில் கொள்ளலாம்.

தனி உணவை விமானம் புறப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகக் கேட்கவேண்டும். சில வகைகளுக்கு 48 மணி நேரம் தேவை. வழியில் வேறு நிறுவன விமானத்திற்கு மாறினால், குறி அங்கும் சென்றுள்ளதா என மீண்டும் விசாரிக்கவேண்டும். பெயரை நம்பாமல் பொருளைக் கேட்கவேண்டும்: 'இந்து உணவு' சைவமா? 'சைவம்' என்றால் பால் உண்டா? கடும் ஒவ்வாமை உள்ளவர்கள் குறியை மட்டும் நம்பாமல், வீட்டில் சமைத்த உலர் உணவைக் கொண்டு செல்வதே மேல். ஏறியவுடன் மேசையையும் கைப்பிடியையும் துடைத்துவிடவேண்டும், பணிப்பெண்ணிடம் தெரிவிக்கவேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஊசி மருந்தும் அவருடைய சீட்டும் கைப்பையில் இருக்கவேண்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் அன்று. விமானத்தின் அவசர மருத்துவப் பெட்டியிலும் அட்ரினலின் இருக்கவேண்டும் எனப் பன்னாட்டுப் பரிந்துரை உண்டு. ஆனால் அதைத் தேடி எடுத்துச் செலுத்துவதற்குள் நிமிடங்கள் கழியும். தாழ்ந்த அழுத்தத்தில் இரத்தத்தின் ஆக்சிஜனும் சற்றுக் குறைந்திருக்கும் நிலையில் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது.

கேட்பதற்குக் கூச்சப்பட்டு இளைஞர் காந்தி அறைக்குள் அடைந்திருந்த காலம் போய்விட்டது. கேட்பதற்கு வழியும் குறியும் வந்துவிட்டன. ஆனால் கொள்கைக்காகக் கேட்பவரையும் உயிருக்காகக் கேட்பவரையும் வேறுபடுத்தி அறியும் முறை இன்னும் முழுமை பெறவில்லை. அது வரும்வரை, "எனக்கு இது பிடிக்காது" என்பதற்கும் "எனக்கு இது ஆகாது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துச் சொல்லவேண்டிய பொறுப்பு பயணியுடையது. அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளவேண்டிய பொறுப்பு பரிமாறுபவருடையது. விமானத்தில் மட்டுமல்ல, நம் வீட்டுத் திருமணப் பந்தியிலும் இது பொருந்தும்.